தாபரிப்புக் கட்டளையை எதிர்க்க 14 நாள்: அது போய்விட்டால் என்ன வழி?

"கட்டளை வந்தால் என்ன, லோயர் டைம் எடுப்பார்." கொழும்பில் பிள்ளைச் செலவு வழக்கை, அதாவது தாபரிப்பு வழக்கைப் பற்றி இரண்டு பேர் பேசினால் மூன்றாவது ஆள் சொல்லும் ஆறுதல் இது. சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் இதை நம்பிச் சும்மா இருந்த தகப்பன்மார் சில மாதத்துக்குப் பிறகு பிடியாணையோடு நீதிமன்றக் கூண்டில் நிற்கிறார்கள். போதாத தொகையை எதிர்க்காமல் விட்ட தாய்மாரோ அதே தொகையில் வருடக் கணக்காகக் குடும்பம் நடத்துகிறார்கள்.

"டைம் எடுக்கிறது" என்று பொதுவாகச் சொல்லும்போது நான்கு வெவ்வேறு விடயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. வழக்கு நடக்கும்போது அடுத்த தவணைக்கு நாள் கேட்பது ஒன்று. கட்டாமல் விட்ட நிலுவையைப் பகுதி பகுதியாகக் கட்ட அவகாசம் கேட்பது இன்னொன்று. மேன்முறையீடு முடியும் வரை பணம் கட்டாமல் இருக்க அனுமதி கேட்பது மூன்றாவது. மேன்முறையீடு செய்யும் காலமே கடந்த பிறகு, "பிந்தி வந்தாலும் என் வழக்கைக் கேளுங்கள்" என்று போய் நிற்பது நான்காவது. முதல் இரண்டும் நீதவானிடமே தினமும் கேட்கப்படுபவை, பல நேரம் கிடைப்பவை. அவை சுலபமாகக் கிடைப்பதைப் பார்த்துத்தான் மற்ற இரண்டும் அப்படியே கிடைக்கும் என்று சனம் நினைக்கிறது. இந்தக் கட்டுரை முக்கியமாக நான்காவதைப் பற்றியது.

கட்டளை எங்கிருந்து வருகிறது

தாபரிப்பு என்றால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கோ துணைக்கோ வாழ்க்கைச் செலவு கொடுப்பது. இலங்கையில் இதற்கான பொதுச் சட்டம் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. பழைய சட்டத்தின் நினைப்பில் "தகப்பன் மட்டும்தான் கட்ட வேண்டும்" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். புதிய சட்டம் பெற்றோர் என்றுதான் பேசுகிறது. வசதி இருந்தும் பிள்ளையைப் பார்க்காமல் விடுபவர் தாயாக இருந்தாலும் அவருக்கு எதிராகக் கட்டளை போடலாம்.

வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும். புதுக்கடையோ மாளிகாகந்தையோ கல்கிசையோ, எந்த நீதிமன்றமாக இருந்தாலும் நடைமுறை ஒன்றுதான். பெற்றோரின் வருமானம், பிள்ளையின் தேவை, சூழ்நிலை ஆகியவற்றைப் பார்த்து மாதம் இவ்வளவு என்று நீதவான் தீர்மானிப்பார். இந்தத் தீர்மானத்தைத்தான் கட்டளை என்கிறோம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் பிள்ளை. 18க்கும் 25க்கும் இடைப்பட்டவர் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால் அவருக்கும் கேட்கலாம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை.

பலரைத் திடுக்கிட வைக்கும் விடயம் ஒன்று இதில் இருக்கிறது. நீதவான் வேறு திகதி குறிப்பிடாவிட்டால், தாபரிப்புப் பணம் விண்ணப்பம் போட்ட நாளில் இருந்தே கணக்காகும். வழக்கு ஒரு வருடம் இழுத்திருந்தால் கட்டளை வரும் அன்றே ஒரு வருட நிலுவை தலையில் விழும். "மாதம் 15,000 என்றுதானே சொன்னார்கள், எப்படி லட்சக் கணக்கில் வந்தது?" என்று கோபப்பட்டு, கட்டளையே பிழை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பிழையாக இருக்க வேண்டும் என்றில்லை.

பிழையான கட்டளையும் பழையதாகிப் போன கட்டளையும்

இந்த வித்தியாசம் விளங்கினால் மற்றது எல்லாம் தானாக விளங்கும். இதற்கு நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த பரீட்சை விடயத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண தரப் பெறுபேறு வருகிறது, பிள்ளைக்குக் கணிதத்தில் குறைந்த சித்தி. நன்றாக எழுதினேன், திருத்தியதில்தான் பிழை என்று பிள்ளை சொன்னால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கிறோம். அதற்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. அதில் பார்க்கப்படுவது எழுதிக் கொடுத்த அதே விடைத்தாள். புதிதாக ஒரு வரி சேர்க்க முடியாது. அதை விட்டு, இப்போது பிள்ளைக்குக் கணிதம் நன்றாக வரும் என்றால் அடுத்த முறை மறுபடி தோற்றலாம். பழைய விடைத்தாள் சரியாகத் திருத்தப்பட்டதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மேன்முறையீடு என்பது மீள்பரிசீலனை மாதிரி. நீதவான் முன் அன்று இருந்த சாட்சியத்தையும் ஆவணத்தையும் வைத்துக்கொண்டு, அவர் சட்டத்திலோ உண்மையிலோ பிழை விட்டிருக்கிறார் என்று மேல் நீதிமன்றத்துக்குச் சொல்வது. கட்டளையை மாற்றக் கேட்பது மறுபடி தோற்றுவது மாதிரி. அன்று போட்ட கட்டளை சரிதான், ஆனால் அதற்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது என்று அதே நீதவானிடம் போய்ச் சொல்வது.

கால எல்லை முதலாவதுக்குத்தான். இரண்டாவதுக்கு முடிவுத் திகதி கிடையாது. "டைம் போய்விட்டது" என்று பதறி வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வியும் இதுதான்: அன்று கட்டளை பிழையாகப் போடப்பட்டதா, இல்லை இப்போது உங்களுக்குப் பொருந்தாமல் போயிருக்கிறதா? கதையைக் கேட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். வேலை போயிருக்கும், வருத்தம் வந்திருக்கும், பிள்ளை பெரிய வகுப்புக்குப் போயிருக்கும். அவர்களுக்கு மேலதிக அவகாசமே தேவையில்லை.

14 நாளை எப்படி எண்ணுவது

தாபரிப்புக் கட்டளைக்கு எதிரான மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் மனுவைக் கொடுக்க வேண்டியது கட்டளை போட்ட அதே நீதவான் நீதிமன்றத்தின் பதிவாளரிடம். இது தெரியாமல் நேரே மேல் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய் அலைபவர்கள் உண்டு. வழக்குக் குற்றவியல் வழக்கு இல்லை என்றாலும், மேன்முறையீட்டு முறை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருந்து எடுக்கப்பட்டது. அதன் 320ஆம் பிரிவு தரும் காலம் 14 நாள்.

ஒரு மாதத்தின் முதலாம் திகதி, திங்கட்கிழமை, கட்டளை வருகிறது என்று வைப்போம். கட்டளை வந்த அந்தத் திங்கள்தான் முதலாவது நாள். ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் வராது. சனி வரும். அப்படி எண்ணினால் 6ஆம் திகதி சனியோடு ஆறு நாள் முடிகிறது. 8 முதல் 13 வரை இன்னும் ஆறு நாள். 15 திங்கள் பதின்மூன்று. 16 செவ்வாய் பதினான்கு. இடையில் ஒரு போயா வந்தால் 17 புதன். இதற்கு மேல் இல்லை.

ஞாயிறும் போயாவும் தரும் இந்த மிச்ச நாளை நம்பி இருக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. கலண்டரில் நேராகப் பதினான்கு எண்ணி, அதற்கும் முந்திய வேலை நாளில் மனுவைப் பதிவாளரிடம் கொடுத்துவிடுங்கள். மனுவில் எதிர்ப்புக்கான காரணங்களைச் சுருக்கமாக எழுதினால் போதும். மேன்முறையீட்டாளரோ அவரது சட்டத்தரணியோ கையொப்பம் வைக்கலாம். சட்டப் பிழை ஒன்றைக் காரணமாகக் காட்டினால் மட்டும், இது வாதிடத் தகுந்த சட்டக் கேள்வி என்று சட்டத்தரணி ஒருவர் சான்று தர வேண்டும்.

இன்னொன்று: கட்டளையின் பிரதி கைக்கு வந்த நாளில் இருந்து எண்ணக் கூடாது. கட்டளை சொல்லப்பட்ட நாளில் இருந்துதான் எண்ண வேண்டும். தமிழ் பேசும் நமக்கு இது பெரிய விடயம். கொழும்பு நீதிமன்றங்களில் நடவடிக்கை சிங்களத்தில் நடக்கிறது. திறந்த நீதிமன்றத்தில் இரண்டு நிமிடத்தில் கட்டளை வாசிக்கப்படும். "கேஸ் முடிந்தது, மாதம் இவ்வளவு" என்பதோடு வெளியே வந்துவிடுகிறோம். பிறகு பிரதி எடுத்து, மொழிபெயர்க்க ஆள் தேடி, விளங்கி முடிக்கும்போது மூன்று வாரம் ஓடியிருக்கும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வழக்கில் உள்ளவருக்குத் தன் மொழியில் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் உதவியை உரிமையாகத் தருகிறது. செலவு அரசுடையது. அந்த உரிமையை அங்கேயே, அன்றே கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் இல்லை என்பது வழக்கேட்டில் பதியப்படட்டும். பிறகு பிந்திய காரணத்தைச் சொல்ல நேர்ந்தால் அந்த ஒரு வரிப் பதிவுக்குப் பெரிய மதிப்பு இருக்கும்.

இதுவரை சொன்னது: மேன்முறையீடு பழைய சாட்சியத்தை வைத்துப் பிழையைக் காட்டுவது. அதற்கு 14 நாள். கட்டளை வந்த நாளே முதல் நாள். மனு போக வேண்டிய இடம் அதே நீதவான் நீதிமன்றம்.

நாள் போய்விட்டது. யாரிடம் கேட்பது?

இங்கேதான் பேச்சுக்கும் சட்டத்துக்கும் பெரிய தூரம். "இன்னும் பத்து நாள் தாங்கோ சேர்" என்று நீதவானிடம் கேட்க முடியாது. அந்த 14 நாளை நீட்டித் தரச் சட்டம் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. எவ்வளவு இரக்கமான நீதவானாக இருந்தாலும் பிந்திய மேன்முறையீட்டை அவர் உள்ளே எடுத்துவிட முடியாது.

அதனால் நடைமுறையில் "மேலதிக அவகாசம்" என்பது வேறொரு கதவு வழியாகப் போவதுதான். அதற்குப் பெயர் மீளாய்வு: மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் வழக்கேட்டை வரவழைத்து, கட்டளை சட்டப்படி முறையாகப் போடப்பட்டதா என்று பார்க்கும் அதிகாரம். மேன்முறையீடு கட்சிக்காரரின் உரிமை. நேரத்துக்குப் போட்டால் கேட்டே ஆக வேண்டும். மீளாய்வு அப்படியில்லை. கேட்பதா விடுவதா என்பது நீதிமன்றத்தின் தற்றுணிபு. விசேடமான சூழ்நிலை இருப்பதாகக் காட்டினால்தான் கதவு திறக்கும். "14 நாளுக்குள் ஏன் மேன்முறையீடு செய்யவில்லை?" என்பதுதான் அங்கே வரும் முதல் கேள்வி.

மீளாய்வுக்குச் சட்டத்தில் இத்தனை நாள் என்று எழுதப்படவில்லை. இதைக் கேட்டதும் சிலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது ஆபத்தான நிம்மதி. நாள் எழுதப்படாத இடத்தில் ஒவ்வொரு நாளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். காரணமில்லாத தாமதம் ஒன்றே மனுவைத் தள்ளுபடி செய்யப் போதும்.

பிந்தி வருபவரிடம் நீதிமன்றங்கள் பொதுவாக எதைப் பார்க்கின்றன? இதற்கு நல்ல வழிகாட்டி குடியியல் வழக்குகளுக்கான சட்டக்கோவையில் இருக்கிறது. அதன் 765ஆம் பிரிவு காலம் கடந்த மேன்முறையீட்டை ஏற்பதற்கு மூன்று விடயங்களைக் கேட்கிறது. தன் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் பிந்தியிருக்க வேண்டும். மேன்முறையீட்டில் சத்து இருக்க வேண்டும். கட்டளைக்குப் பிறகு நடந்தவற்றைப் பார்த்தால், இப்போது அதைக் கலைப்பது மற்றத் தரப்புக்கு அநியாயமாக இருக்கக் கூடாது. நீதவானின் தாபரிப்புக் கட்டளைக்கு இந்தப் பிரிவு நேரே பொருந்துவதில்லை. இருந்தாலும் உங்கள் கதையை நீங்களே சோதித்துப் பார்க்க இந்த மூன்று கேள்விகளை விடச் சிறந்தது இல்லை.

முதல் கேள்வியில்தான் பலர் விழுகிறார்கள். ஒரு தகப்பன் சொல்கிறார்: "எனக்கு அந்த நேரம் சுகமில்லை." சுகமில்லாமல் இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீதிமன்றம் பார்ப்பது திகதிகளை. கட்டளை 1ஆம் திகதி. ஆஸ்பத்திரியில் சேர்ந்தது 5ஆம் திகதி, வெளியே வந்தது 20ஆம் திகதி என்று டயக்னோசிஸ் கார்ட்டில் இருக்கிறது. நல்லது, 14 நாள் ஏன் தவறியது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் சட்டத்தரணியைச் சந்தித்தது அடுத்த மாதம் 28ஆம் திகதி என்றால், 20இல் இருந்து 28 வரை, ஒரு மாதத்துக்கு மேல், என்ன செய்தீர்கள்? அந்த இடைவெளியில்தான் மனு தோற்கிறது. வழக்கேட்டின் பிரதிக்கு 22ஆம் திகதி விண்ணப்பித்த பற்றுச்சீட்டு ஒன்று இருந்தால் கதை முழுவதும் மாறும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தாள் வேண்டும்.

வெளிநாட்டில் வேலை செய்பவருக்குக் கடவுச்சீட்டு முத்திரைகள், அழைப்பாணை போன விலாசத்தில் அவர் வசிக்கவில்லை என்பதற்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் போன்றவை பேசும். "காசு இருக்கவில்லை", "சட்டம் தெரியாது", "லோயர் சொல்லவில்லை" என்பவை தனியே நின்றால் பலவீனமானவை. சட்டத்தரணி பிழை விட்டிருந்தால் எப்போது, எப்படி என்று விளக்க வேண்டி வரும். இதெல்லாம் சத்தியக் கடதாசியில் போகும். சத்தியக் கடதாசி என்பது உண்மை என்று உறுதி சொல்லிச் சமாதான நீதவான் போன்ற ஒருவர் முன் கையொப்பமிடும் எழுத்து வாக்குமூலம். அதில் ஒரு திகதி பிழைத்தாலும் மற்றத் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது கேள்விக்கு, "தொகை கூட" என்பது மட்டும் பதிலாகாது. சம்பளத் தாளில் இல்லாத வருமானத்தை எந்தச் சாட்சியமும் இன்றிச் சேர்த்துக்கொண்டார்கள், அல்லது தாய் கொடுத்த செலவுப் பட்டியலைப் பார்க்காமலே விட்டுவிட்டார்கள் என்று குறிப்பாகச் சொல்ல முடிந்தால் அது சத்து.

மூன்றாவது கேள்வியை நான் மற்ற இரண்டையும் விட மதிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் பிள்ளை வருகிறது. கட்டளையை நம்பித் தாய் வாடகை வீடு எடுத்திருப்பார், பள்ளி வானுக்குப் பேசியிருப்பார். ஆறு மாதம் கழித்து அதை அடியோடு கலைக்கக் கேட்பவர், இதற்குள் எதுவுமே கட்டாமலும் இருந்தால், எந்த முகத்தோடு நீதிமன்றத்திடம் நியாயம் கேட்பார்?

சுருக்கமாக: நீதவான் நாளை நீட்ட மாட்டார். பிந்தியவருக்கு உள்ள வழி மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு. அங்கே தாமதத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆவணத்தோடு காரணம் வேண்டும்.

வழக்கே தெரியாமல் கட்டளை வந்திருந்தால்

அழைப்பாணை கிடைத்தும் வேண்டுமென்றே வராமல் விட்டதாக நீதவான் திருப்திப்பட்டால், ஒருவர் இல்லாமலே வழக்கை விசாரித்துக் கட்டளை போடலாம். அப்படிப் போட்ட கட்டளையை மேன்முறையீட்டுக்கு ஓடாமல் அதே நீதவானிடம் நல்ல காரணம் காட்டி நீக்கக் கேட்கும் வழி உண்டு. இதற்கும் காலம் ஓடும். ஆகவே விடயம் காதில் விழுந்த அன்றே சட்டத்தரணியிடம் போக வேண்டும். கட்டாரிலோ சவுதியிலோ இருப்பவர் அங்குள்ள தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் எழுதி, ஊரில் உள்ள ஒருவருக்குத் தன் சார்பில் காரியம் பார்க்க அதிகாரம் கொடுக்கலாம். விடுமுறையில் வந்து பார்க்கலாம் என்று விட்டால் காரணம் கெட்டுப்போகும்.

எதிர்த்தாலும் பணம் நிற்காது

"அப்பீல் போட்டாச்சு, இனிக் கட்டத் தேவையில்லை." இதுதான் நான் கேட்பதிலேயே அதிகம் கெடுதல் செய்யும் கூற்று. சாதாரணக் குற்றவியல் வழக்கில் மேன்முறையீடு போட்டால் தண்டனை நிற்பது வழக்கம். தாபரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கு நேரெதிராகச் சொல்கிறது: மேன்முறையீட்டின் காரணமாகக் கட்டளை நிற்காது. மேல் நீதிமன்றம் காரணத்தை எழுதி வைத்து வேறுவிதமாகப் பணித்தால் மட்டுமே நிற்கும். மேன்முறையீடு வருடக் கணக்கில் இழுக்கலாம், பிள்ளை அதுவரை சாப்பிடாமல் இருக்க முடியாது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கட்டாமல் விட்டால் பிடியாணை வரும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும்படி வேலை கொடுப்பவருக்கும் பணிக்கலாம். முழுத் தொகையும் முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டுங்கள், கட்டியதற்குப் பற்றுச்சீட்டு வைத்திருங்கள். பிள்ளையைப் பார்க்கப் போனபோது கையில் கொடுத்த காசு, வாங்கிக் கொடுத்த சப்பாத்து, கொப்பி எல்லாம் உண்மையான அன்புதான். ஆனால் நிலுவைக் கணக்கில் அவற்றைக் கழிக்க எழுத்தில் எதுவும் இருக்காது.

முடிவுத் திகதி இல்லாத வழி

நிலைமை மாறியவருக்கு உரிய வழி தாபரிப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் இருக்கிறது. கட்டுபவரோ பெறுபவரோ சூழ்நிலை மாறியதை நிரூபித்தால் நீதவான் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம், கட்டளையை நீக்கவும் செய்யலாம்.

இதைத் தாய்மார் போதியளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த உயர்ந்த விலைகள் பிறகு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2018இல் முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு என்று போட்ட 8,000 ரூபாய், இன்று சாதாரண தரத்தை நோக்கிப் போகும் பிள்ளையின் டியூஷனுக்கே காணாது. அன்று அந்தக் கட்டளை பிழையில்லை. மேன்முறையீடு செய்யாமல் விட்டதும் பிழையில்லை. இன்றைய செலவுப் பற்றுச்சீட்டுகளோடு நீதவானிடம் போனால் போதும். வேலை இழந்த தகப்பனுக்கும் இதே கதவுதான். அவர் வேலை நீக்கக் கடிதத்தோடு உடனே போக வேண்டும். போகாமல் இருந்தால் பழைய தொகையிலேயே நிலுவை ஏறிக்கொண்டிருக்கும்.

வேறு நீதிமன்றத்தில் வந்த கட்டளை

விவாகரத்து வழக்கோடு மாவட்ட நீதிமன்றத்தில் வந்த தாபரிப்புக் கட்டளை என்றால் கணக்கு வேறு. அங்கே தீர்ப்புக்கு எதிராக 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், 60 நாளுக்குள் மேன்முறையீட்டு மனு என்று இரண்டு படி. மேலே சொன்ன 765ஆம் பிரிவு நேராகப் பொருந்துவது இங்கேதான். முஸ்லிம் விவாகச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்தவர்களின் பிள்ளைத் தாபரிப்பு காதி நீதிமன்றத்தில் தீர்மானிக்கப்படுகிறது. அதற்கு எதிரான மேன்முறையீடு காதிகள் சபைக்குப் போகும். உங்கள் தாளின் தலைப்பில் எந்த நீதிமன்றத்தின் பெயர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சரியாக வந்த வழி உங்களுக்கு வராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

கையில் என்ன கொண்டு போவது

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட அரச நிறுவனம் அது. வருமானத்தைப் பார்த்து இலவசமாக வழக்குப் பேச ஆள் தருவார்கள். போகும்போது வழக்கிலக்கம், கட்டளை வந்த திகதி, கட்டளையின் பிரதி அல்லது அதற்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டு, அழைப்பாணை, அதுவரை கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டுகள், அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பிந்தியிருந்தால் ஒரு வெள்ளைத் தாளில் கட்டளை நாளில் இருந்து இன்று வரை என்ன நடந்தது என்று திகதி வாரியாக எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் திகதிக்கு எந்தத் தாள் இருக்கிறது என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். தாள் இல்லாத திகதியை மறைக்காமல் வெறுமையாக விடுங்கள். அதை எப்படி நிரப்பலாம் என்று பார்ப்பது சட்டத்தரணியின் வேலை.